லிப்ஸ்டிக் பொய் சொல்லாது

மாசக் கடைசி ஆனால் போதும். செல்போனைத் திறந்தால் யாராவது ஒருவர் ஒரு தட்டு நிறைய குப்பிகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'ஹாய் ஃப்ரெண்ட்ஸ், இந்த மாசம் எனக்கு ரொம்பப் பிடிச்ச பத்து ஐட்டம்!' என்று ஆரம்பிக்கிறார். முதலில் சருமத்துக்கு: ஒரு சீரம், ஒரு டோனர், ஒரு நைட் க்ரீம். அப்புறம் மேக்கப்: லிப்ஸ்டிக், காஜல், காம்பேக்ட். கடைசியாக ஒரு சென்ட். அடுத்த மாசக் கடைசியில் இன்னொரு பத்து. போன மாசத்துப் பத்து என்ன ஆச்சு என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

பெண்கள் அலங்காரம் செய்துகொள்வதைக் கிண்டலடிக்கும் கட்டுரை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தத் திருப்பணிக்குப் பட்டிமன்ற மேடைகளில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். என் சண்டை அலங்காரத்தோடு இல்லை, அந்தத் தட்டோடு. மூன்று வேறு வேறு ரகப் பொருட்களை ஒரே தட்டில் வைத்து, மூன்றையும் ஒரே வாயால் புகழ்கிறார்களே, அதோடு.

மேக்கப் உண்மை பேசும். சென்ட்டும் உண்மை பேசும். க்ரீம்தான், முக்கால்வாசி நேரம், பொய் பேசுகிறது. வேடிக்கை என்னவென்றால் நம் வீடுகளில் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறோம். லிப்ஸ்டிக் போட்ட பெண்ணைத் திட்டுகிறோம். முகத்தை மாற்றும் க்ரீமை நாமே வாங்கிக் கொடுக்கிறோம்.

பாட்டியின் விளக்கெண்ணெய்

ஒரு லிப்ஸ்டிக்கில் என்னதான் இருக்கிறது? மெழுகு, எண்ணெய், சாயம். அவ்வளவுதான். மெழுகு தேன்கூட்டிலிருந்து வரும். அல்லது கார்னௌபா என்ற பிரேசில் நாட்டுப் பனையின் ஓலையிலிருந்து வரும். எண்ணெய் பெரும்பாலும் நம் பாட்டிகள் வயிற்றைச் சுத்தம் பண்ணக் கொடுத்த அதே விளக்கெண்ணெய். உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில்தான், அதிலும் குஜராத்தில்தான். சாயத்துக்கு இரும்பு ஆக்சைடு, அதாவது துருவுக்குச் சொந்தக்காரன். சில சிவப்புகளுக்கு கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன். சுத்த சைவக்காரர்கள் லேபிளில் 75470 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். அது கார்மைனுக்கு உரிய எண்.

இந்த மெழுகுக் குச்சி உங்களிடம் என்ன சொல்கிறது? 'உன் உதட்டுக்கு நிறம் தருவேன். சாப்பிட்டால் கொஞ்சம் போவேன். ராத்திரி துடைத்தால் மொத்தமாகப் போய்விடுவேன்.' சொன்னதைச் செய்கிறது. சொல்லாததைச் செய்வதாகப் பாவனை பண்ணுவதில்லை. அரசியல்வாதிகளில் இப்படி ஒருவர் கிடைத்தால் விடுவோமா?

ஆனால் காலேஜ் போகும் பெண் ஒருநாள் அதைப் பூசிக்கொண்டு கூடத்துக்கு வரட்டும். 'யாருக்குடி இந்த வேஷம்?' என்று ஒரு குரல் வரும். அதே வீட்டு மளிகை லிஸ்ட்டில் துவரம்பருப்பு, புளி, ரவைக்குக் கீழே, யாரும் ஆட்சேபிக்காமல், ஒரு சிவப்பழகு க்ரீம் பல வருஷமாக உட்கார்ந்திருக்கும். வரன் பார்க்க ஆரம்பித்ததும் அது பெரிய ட்யூபாக மாறும். அம்மாவே வாங்கித் தருவார், அத்தை பிராண்ட் சொல்வார், பக்கத்து வீட்டு மாமி 'காலையில ஒரு வாட்டி, ராத்திரி ஒரு வாட்டி' என்று டோஸ் சொல்வார்.

லிப்ஸ்டிக் ஒரு பெண்ணிடம், 'இன்னிக்கு உனக்கு அலங்காரம் பண்ணிக்கணும்னு தோணுதா? வா' என்கிறது. சிவப்பழகு க்ரீம், 'நீ பிறந்த விதமே தப்பு. அதைச் சரி பண்ணணும்' என்கிறது. இரண்டில் எது ஒழுக்கக்கேடு? யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1952-இல் டாடா குழுமம் லக்மே நிறுவனத்தைத் தொடங்கியது. நம் பெண்கள் வெளிநாட்டு ஒப்பனைப் பொருட்களுக்குச் செலவழிக்கும் அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தப் பிரதமர் நேருவே ஜே.ஆர்.டி. டாடாவிடம் கேட்டுக்கொண்டார் என்று சொல்வார்கள். லக்மே என்பது நம்ம லட்சுமியின் பெயரை பிரெஞ்சுக்காரர்கள் உச்சரித்த விதம். அந்தப் பெயரில் 1883-இல் பாரிஸில் அரங்கேறிய இசை நாடகமே உண்டு. ஆகவே 'நம்ம கலாசாரத்துக்கு ஆகாது' என்று லிப்ஸ்டிக்கைத் திட்டுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். உதட்டில் இருப்பது விளக்கெண்ணெய், கம்பெனிப் பெயர் மகாலட்சுமி.

வேலை செய்தால் மருந்து, செய்யாவிட்டால்?

சரி, க்ரீமுக்கு வருவோம்.

நம் நாட்டில் மருந்துகளுக்கும் அழகு சாதனங்களுக்கும் ஒரே சட்டம், 1940-இல் வந்தது. அழகு சாதனம் என்றால் என்ன என்று அது தெளிவாகச் சொல்கிறது. உடம்பில் தேய்க்கவோ, ஊற்றவோ, தூவவோ, தெளிக்கவோ உரியது. சுத்தம் செய்ய, அழகுபடுத்த, கவர்ச்சியைக் கூட்ட, தோற்றத்தை மாற்ற உதவுவது. கவனியுங்கள், தோற்றத்தை. நோயைக் குணப்படுத்தும், உடம்பு வேலை செய்கிற விதத்திலேயே கை வைக்கும் என்றால் அது மருந்து என்ற வேறு தலைப்புக்குப் போய்விடும். அங்கே போனால் பரிசோதனை, அளவு, பக்கவிளைவு, டாக்டர் சீட்டு என்று ஏகப்பட்ட கெடுபிடி.

இப்போது க்ரீம் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 'உள்ளிருந்து ஒளிரச் செய்யும்.' 'சருமத்தின் ஆழத்துக்குச் சென்று சீரமைக்கும்.' 'மெலனினைக் கட்டுப்படுத்தும்.' இதெல்லாம் தோற்றமா, உடம்பின் வேலையா?

எனக்குப் புரியாத கணக்கு இதுதான். டப்பாவில் போட்டது நிஜம் என்றால் அது மருந்து. அதை ஃபேன்சி ஸ்டோரில் வளையலுக்குப் பக்கத்தில் வைத்து விற்கக்கூடாது. நிஜம் இல்லை என்றால் அது பொய், எங்கேயும் விற்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில்தான் கோடிக்கணக்கான ரூபாய் வியாபாரம் நடக்கிறது.

உடனே ஒருவர், 'கொலாஜன் க்ரீம் போட்டு எனக்கு முகம் இறுகிச்சே?' என்பார். நம் தோலின் மேல் அடுக்கு செத்த செல்களால் கட்டிய சுவர். தலைமுடியை விட மெல்லியது, ஆனால் கெட்டிக்காரச் சுவர். வெளியிலிருந்து எதையும் லேசில் உள்ளே விடாது. 500 டால்டன் எடைக்கு மேற்பட்ட மூலக்கூறு அதைத் தாண்டுவது ரொம்பக் கஷ்டம் என்பது தோல் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. கொலாஜனின் எடை சுமார் 3 லட்சம் டால்டன். சாவித் துவாரம் வழியாக யானையை அனுப்புகிற கதை. முகத்தில் பூசிய கொலாஜன் முகத்தின் மேலேயே உட்கார்ந்து கொஞ்சம் ஈரம் பிடித்து வைத்துவிட்டு, ராத்திரி தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. ஈரம் பிடித்ததற்கு நன்றி சொல்லலாம். அதற்கு அந்த விலை வேண்டாம்.

ஒரு மாசம் போதாது

'இந்த மாசக் கண்டுபிடிப்பு' என்ற வார்த்தையே தப்பு என்பது என் கட்சி.

தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே ஏறி வந்து உதிர இளவயதில் சுமார் 4 வாரம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் தாமதம். அதாவது ஒரு க்ரீம் ஏதாவது செய்யுமானால், முதல் சுற்று முடியவே ஒரு மாசம் வேண்டும். நிஜமாகவே ஓரளவு வேலை செய்யும் பொருட்கள் உண்டு. வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நியாசினமைடு, வைட்டமின் ஏ குடும்பத்து ரெட்டினால் போன்றவை. அவற்றுக்குக்கூட இரண்டு மூன்று மாசம் பொறுமை வேண்டும். அதன் பிறகும் கரும்புள்ளி கொஞ்சம் மங்கும், சுருக்கம் கொஞ்சம் குறையும். பிறந்த நிறம் மாறாது.

அப்படியானால் ஒரே மாசத்தில் பத்துப் பொருளைப் பூசிப் பார்த்தவர் எதைக் கண்டுபிடித்தார்? டப்பா அழகாக இருப்பதை. க்ரீம் வழவழவென்று போவதை. முக்கியமாக, வாசனையாக இருப்பதை. லேபிளில் 'பர்ஃப்யூம்' என்று ஒரே ஒரு வார்த்தை போட்டிருக்கும். அதற்குள் பல பத்து ரசாயனங்கள் ஒளிந்திருக்கலாம். முகத்துக்கு அவை செய்யும் நன்மை எதுவும் இல்லை. சிலருக்கு அலர்ஜி தருவது அவைதான். ஆனால் மூக்குக்குப் பிடித்தால் மனசு, 'முகம் பளிச்னு ஆயிட்டா மாதிரி இருக்கே' என்று ஒத்து ஊதும்.

பத்தையும் ஒன்றாகப் பூசினால் இன்னொரு சங்கடம். நல்லது நடந்தாலும் எதனால் என்று தெரியாது. கெட்டது நடந்தாலும் எதனால் என்று தெரியாது. சாம்பாரில் யார் உப்புப் போட்டது என்று கூட்டுக்குடும்பத்தில் கண்டுபிடிப்பது போல.

சீக்கிரம் வேலை செய்தால் பயப்படுங்கள்

இவ்வளவு நேரம் பேசியது காசு நஷ்டம். காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இனிமேல் சொல்லப்போவது அப்படியில்லை.

'ஒரே வாரத்துல ரிசல்ட்டு தெரிஞ்சுது' என்று யாராவது ஒரு க்ரீமைச் சிபாரிசு செய்தால் சந்தோஷப்படாதீர்கள். முகத்தை ஒரு வாரத்தில் வெளுக்கச் செய்ய வேண்டுமானால் அதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். ஸ்டீராய்டு, இல்லை பாதரசம்.

ஸ்டீராய்டு கதை ஒரு நல்ல மருந்தில் ஆரம்பித்தது. 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மனும் அவரது சகாவும், ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து ஒரு மருந்து சொன்னார்கள். மங்கு மாதிரியான கருமைக்கு, டாக்டர் மேற்பார்வையில் போடுவதற்கு. அந்த மூவர் கூட்டணியின் வாரிசுகள் நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் 'முகத்துக்குப் போடுற க்ரீம் ஒண்ணு குடுங்க' என்றால் கிடைக்க ஆரம்பித்தன. போட்டதும் முகம் வெளுக்கும், பருக்கள் அடங்கும். அக்கா தங்கைக்குச் சொல்வாள், தங்கை ஹாஸ்டல் முழுக்கச் சொல்வாள். சில மாசம் கழித்துத் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் சிவப்புக் கோடாகத் தெரியும். பரு திரும்பி வரும். கன்னத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் முகம் தீயாக எரியும். எரிச்சலுக்குப் பயந்து திரும்பவும் போடுவார்கள். தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. சீட்டைக் கேட்காத கடை உங்கள் தெருவில் இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும்.

பாதரசம் இன்னும் மோசம். தோலில் மெலனின் உருவாவதை அது தடுக்கும், அதனால் வெளுக்கும். தோல் வழியாகவே உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தில் உட்காரும். பக்கத்து மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். கேரளத்தில் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனைக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரகக் கோளாறோடு 22 பேர் வந்தார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய் அது. அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்தக் கோளாறிலேயே அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டிருந்தார்கள். மருத்துவர்கள் இதைச் சர்வதேச சிறுநீரக மருத்துவ இதழில் எழுதினார்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் அடங்கியது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கன்னத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நிற்கிறது. 'சும்மா ஒரு க்ரீம்தானே' என்கிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

அழகு சாதனத்தில் பாதரசத்தை ஒழிக்க மினமாட்டா ஒப்பந்தம் என்ற உலக ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா 2018-இல் அதை ஏற்றது. ஆனால் லேபிள் இல்லாத டப்பா, புரியாத மொழியில் எழுதிய டப்பா, 'பியூட்டி பார்லர் அக்கா தனியா செஞ்சு குடுக்கறாங்க' டப்பா ஆகியவற்றுக்கு ஒப்பந்தம் எல்லாம் தெரியாது.

பெயர் மாறிச்சு, புத்தி?

மெலனின் மேல் நமக்கு என்ன கோபம்? வெயிலில் வாழும் மனிதனுக்கு இயற்கை கொடுத்த குடை அது. அதை உற்பத்தி செய்யும் செல்களின் எண்ணிக்கை கறுப்பானவருக்கும் வெளுப்பானவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தச் செல்கள் தரும் நிறமியின் அளவிலும் பரவலிலும்தான் வித்தியாசம்.

ஃபேர் அண்ட் லவ்லி நம் சந்தைக்கு வந்தது 1975-இல். அதன் பிறகு இரண்டு தலைமுறை, கறுப்பான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, ட்யூப் வாங்கினால் இரண்டும் கிடைக்கும் என்ற ஒரே கதையை விளம்பரத்தில் பார்த்து வளர்ந்தது. ஆண்களை மட்டும் விட்டுவைப்பானேன் என்று 2005-இல் ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் வந்தது. 2014-இல்தான் விளம்பரத் தரக் கவுன்சில், கறுப்பு நிறத்தை அழகின்மையாகவோ தோல்வியாகவோ காட்டக்கூடாது என்று விதி எழுதியது. 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு உலகமே நிறவெறியைப் பற்றிப் பேசியபோது, ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது.

'சிவப்பு' என்ற வார்த்தை டப்பாவிலிருந்து போய்விட்டது. நம் நாக்கிலிருந்து போயிற்றா? 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று சொல்லும்போது அந்த 'ஆலும்' எங்கிருந்து வருகிறது? குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில் ஆணா பெண்ணா என்று கேட்டதற்கு அடுத்த கேள்வி என்ன? கம்பெனிக்காரன் நம்மைக் கெடுத்தான் என்று சொல்வது பாதி நிஜம்தான். அவன் கடை விரித்த இடம் ஏற்கெனவே நம் வீட்டுக் கூடமாக இருந்தது. 2019-இல் நடிகை சாய் பல்லவி சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தில் நடிக்க மறுத்தபோது ஊரே கைதட்டியது. தட்டிய கையோடு மளிகை லிஸ்ட்டையும் திருத்தியிருக்கலாம்.

வரப்போகும் கேள்விகள்

'லிப்ஸ்டிக் மட்டும் யோக்கியமா?' என்பீர்கள். லைசென்ஸ் எண் இல்லாத லிப்ஸ்டிக் ஆபத்துதான். ஈயம் கலந்த சுர்மாவும் ஆபத்துதான். இன்னும் சொல்லப்போனால் நாம் வெகு பத்திரம் என்று நினைக்கும் ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ஒரு ரசாயனத்தால் சிலருக்கு நெற்றியில் நிறம் போய் வெள்ளைத் திட்டு விழுவதைத் தோல் மருத்துவர்கள் பல காலமாக எழுதி வருகிறார்கள். அப்படித் திட்டு விழுந்தால் அந்தப் பொட்டை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மேக்கப்பில் கலப்படம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் மேக்கப் தன்னை மருந்து என்று சொல்லிக்கொள்வதில்லை.

'அப்ப எல்லா க்ரீமும் தூக்கிப் போட வேண்டியதுதானா?' இல்லை. வறண்ட தோலுக்கு மாய்ஸ்சரைசர் நிஜமாகவே உதவும். ஈரத்தைப் பிடித்து வைப்பேன் என்கிறது, வைக்கிறது. சன்ஸ்க்ரீனும் அப்படித்தான். எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீதம், 50 சுமார் 98 சதவீதம் எரிக்கும் கதிரைத் தடுக்கும். ஒரே ஒரு சதவீதத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பூச வேண்டும். கடுகளவு தொட்டு வைத்தால் டப்பாவில் போட்ட பாதுகாப்பு கிடைக்காது.

'நாங்க நலங்கு மாவுதான் போடுறோம், அது இயற்கை' என்பவர்களுக்கு: தாராளமாகப் போடுங்கள், குளிக்க சுகமாக இருக்கும். ஆனால் அதையும் 'குழந்தை சிவப்பா வரும்' என்று சொல்லித் தேய்த்தால் நீங்களும் அதே கம்பெனிதான். விளம்பரச் செலவு மட்டும் மிச்சம்.

கடைசியாக, 'என் முகம், என் காசு. உங்களுக்கு என்ன?' நியாயமான கேள்வி. உங்கள் முகமும் உங்கள் காசும் உங்களுடையதுதான். ஆனால் அந்தத் தட்டைக் காட்டுகிறவருக்கு அது அவர் காசா என்று நீங்கள் கேட்டீர்களா? கம்பெனி இலவசமாக அனுப்பிய பெட்டியா, காசு வாங்கிப் பேசுகிறாரா? விளம்பரம் என்றால் விளம்பரம் என்று போட வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இலேயே விதி வகுத்தது. 2023 ஜனவரியில் மத்திய அரசும் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்போதுதான் அது உங்கள் முடிவு.

மூக்குக்குத் துரோகம் வேண்டாம்

தட்டில் மிச்சம் இருப்பது சென்ட். இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

சென்ட் நிறத்தை மாற்றுவதாகச் சொல்லாது, வயதைக் குறைப்பதாகச் சொல்லாது. மணப்பேன் என்கிறது, மணக்கிறது. டிவி விளம்பரத்தில் சென்ட் அடித்தவன் பின்னால் பத்துப் பெண்கள் ஓடுவதை யாரும் நம்புவதில்லை, நிறுவனத்தாருக்கே நம்பிக்கை கிடையாது. ஆகவே அதைப் பொய்க் கணக்கில் சேர்க்கவில்லை.

வாங்கும்போது ஒரே ஒரு விஷயம். கடையில் காகிதத்தில் அடித்து மூக்கில் வைத்த அடுத்த நிமிஷம் 'பேக் பண்ணுங்க' என்று சொல்லாதீர்கள். முதலில் வருவது எலுமிச்சை மாதிரி சீக்கிரம் ஆவியாகும் வாசனை. கால் மணி, அரை மணியில் ஓடிவிடும். அப்புறம் பூ. கடைசியாக சந்தனம், கஸ்தூரி மாதிரி அடி வாசனை. நாள் முழுக்க உங்களோடு பஸ்ஸில் வரப்போவது அதுதான். மணிக்கட்டில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். சாயங்காலமும் பிடித்திருந்தால் மறுநாள் வந்து வாங்குங்கள்.

விலை கொடுக்க முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். உலகப் பெரும் சென்ட் கம்பெனிகளுக்கு மல்லிகைச் சாறு நம் தமிழ்நாட்டிலிருந்து போகிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. கூந்தலில் ஒரு முழம் வைத்துக்கொண்டு போகிறவர், பிரெஞ்சுக் குப்பிக்குள் போவதற்கு முந்தைய சரக்கை நேரடியாக அனுபவிக்கிறார்.

இந்த மாதம் எனக்குப் பிடித்தவை

ஊரே பட்டியல் போடும்போது நான் மட்டும் சும்மா இருப்பானேன்? இதோ என் தட்டு.

ஒன்று: நமக்குப் பொருந்துகிற ஒரு மாய்ஸ்சரைசர், வாசனை இல்லாதது. தீர்ந்த பிறகுதான் அடுத்தது.

இரண்டு: ஒரு சன்ஸ்க்ரீன், இரண்டு விரல் அளவு.

மூன்று: லேபிளைப் படிக்க ஒரு நல்ல கண்ணாடி. தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல், இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நான்கு: பிடித்த நிறத்தில் ஒரு லிப்ஸ்டிக். என்ன நிறம் என்று பக்கத்து வீட்டில் கேட்க வேண்டாம்.

ஐந்து: ஒரு சென்ட், அல்லது ஒரு முழம் மல்லி.

ஆறாவது ஒன்று உண்டு, அது கடையில் கிடைக்காது. அடுத்த முறை உங்கள் பெண்ணோடு ஃபேன்சி ஸ்டோருக்குப் போகும்போது, அவள் கை லிப்ஸ்டிக் பக்கம் போனால் விட்டுவிடுங்கள். உங்கள் கை அந்த ட்யூப் பக்கம் போனால் பிடித்து இழுத்துக்கொள்ளுங்கள். அவள் அதைப் பார்த்துவிட்டு, 'ஏம்மா, எப்பவும் வாங்குவியே?' என்று கேட்பாள். 'உனக்கு அது தேவையில்லைடி' என்று சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அம்மா வாயால் அந்த ஒரு வரி கிடைத்தால், அவள் முகத்தில் வருவதற்குப் பேர்தான் க்ளோ.